பூவின் முகமும் செடியின் குலமும்

(புணேயில் வாழும் தமிழ் அன்பர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புணேயில் செடி வளர்ப்போருக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் எம்பிரஸ் தோட்டத்து மலர்க் கண்காட்சியில் கூடும் கூட்டமே அதற்குச் சான்று. ரோஜாவும் செம்பருத்தியும் காகிதப்பூவும் மாடியை நிறைத்த காலம் போய், இப்போது காலிம்போங் நாற்றங்கால்களிலிருந்து கூரியரில் செடிகள் வந்து இறங்குகின்றன. ஆண்டீஸ் மலைச் செடிகளும் கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்கின்றன. கைமாறும்போது முதலில் தொலைந்துபோவது பெயர்ச்சீட்டுதான்.

அப்படிப் பெயரைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு செடியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மரக்கிளையில் வளரும் குறுஞ்செடி அது. கொம்புகள் வில்லாக வளைந்து தொங்கும். அந்தக் கொம்புகளின் அடிப்பக்கம் நெடுகச் சிவந்த குழல் வடிவப் பூக்கள் வரிசையாகத் தலைகவிழ்ந்து நிற்கும். செடியின் அடித்தண்டு கிழங்கைப்போல் பருத்திருக்கும். ‘இது என்ன செடி?’ என்று கேட்டு ஒரு பூவின் படத்தை மட்டும் அனுப்புகிறார்கள். கைபேசிச் செயலிகளும் அந்தப் பூவை வைத்தே ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுகின்றன. பூவின் முகத்தை மட்டும் பார்த்து இந்தச் செடிக்குப் பெயர் சொல்ல முடியாது என்பதே என் பேச்சின் சாரம். பூவின் உள்ளே என்ன இருக்கிறது, செடி எந்த மலையிலிருந்து வந்தது என்ற இரண்டும் தெரிந்தால்தான் பெயர் நிலைக்கும்.

முதலில் பூவை விட்டுவிட்டு, செடி நிற்கும் இடத்தைப் பாருங்கள். மரத்தின்மேல் நிற்கும் செடிகளில் இரண்டு வகை உண்டு. மரத்தை இடமாக மட்டும் பயன்படுத்திக்கொள்பவை தொற்றுச் செடிகள். மரத்துக்குள் வேரை இறக்கி அதன் நீரையும் சத்தையும் எடுப்பவை ஒட்டுண்ணிகள். நம் ஊர் மாமரங்களில் புல்லுருவியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தடித்த இலை, சிவப்பும் ஆரஞ்சும் கலந்த குழல் பூ, சிறு கனி என எல்லாம் அதற்கும் உண்டு. தேன்சிட்டும் பூங்கொத்தியும் அதையே சுற்றிக்கொண்டிருக்கும். படத்தில் மட்டும் பார்த்தால் புல்லுருவியும் நம் செடியும் உறவினர்கள் என்றே தோன்றும். கிளையோடு செடி சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தால் குழப்பம் தீரும். புல்லுருவி சேரும் இடத்தில் மரம் முண்டாக வீங்கியிருக்கும். எது மரம், எது புல்லுருவி என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றியிருக்கும். தொற்றுச் செடியின் வேர்களோ பட்டையின்மேல், பாசிக்கும் மக்கிய சருகுக்கும் இடையில் ஓடும். அவற்றை மெல்ல நீக்கினால் கீழே பட்டை முழுசாக இருக்கும்.

அடுத்தது இலை. கொம்பில் இலைகள் நேருக்கு நேர் இரண்டிரண்டாக நிற்கின்றனவா, மாறி மாறி ஒவ்வொன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வீடுகளில் தொங்கும் தொட்டிகளில் வளர்க்கும் எஸ்கினாந்தஸ் செடிக்கும் சிவந்த குழல் பூதான். அதன் இலைகள் எதிரெதிரே இருக்கும். மெடினில்லாவுக்கும் எதிரிலைதான்; இலையின் அடியிலிருந்து நுனிவரை வளைந்தோடும் நரம்புகள் அதைத் தனியே காட்டிக்கொடுத்துவிடும். ஹோயாவுக்கு எதிரிலையோடு பாலும் வடியும். நம் செடிக்கு மாற்றிலை. கிள்ளினால் பால் வராது. இலை தோல்போல் தடித்திருக்கும். ஆண்டு முழுவதும் உதிராமல் பசுமையாக இருக்கும்.

இனிப் பூவுக்குள் போகலாம். கூரான பிளேடால் ஒரு பூவை நீளவாக்கில் கீறுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும். மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். புல்லுருவியில் இதழுக்கு ஒன்றாக ஐந்தோ நான்கோ இருக்கும். நம் செடியில் ஐந்து இதழ்கள் கூடிய குழலுக்குள் பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும். ஒவ்வொன்றின் மகரந்தப்பையும் மேலே இரண்டு மெல்லிய குழாய்களாக நீண்டிருக்கும். பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூளைக் கொட்டும். இங்கே அப்படி இல்லை. குழாயின் நுனியில் உள்ள துளை வழியாகத்தான் தூள் வெளிவரும். இதைக் காண இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. சமையலறைத் தோட்டத்துக் கத்தரிப்பூவைப் பறித்துப் பாருங்கள். மஞ்சள் மகரந்தப்பைகளின் நுனியில் அதே துளை இருக்கும். கத்தரிக்கும் நம் செடிக்கும் நெருங்கிய உறவு கிடையாது. துளை ஒன்றையே நம்பி முடிவு கட்டக்கூடாது என்பதற்கும் அதுவே நல்ல சான்று. நுண்ணோக்கி கிடைத்தால் மகரந்தத் தூளையும் பாருங்கள். எரிகேசி குடும்பத்தில் பெரும்பாலும் நான்கு நான்கு துகள்கள் ஒன்றாக ஒட்டியே இருக்கும்.

பெயரைச் சொல்லிவிட்டேன். எரிகேசி என்பது 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம். ரோடோடென்ட்ரான், புளூபெர்ரி, கிரான்பெர்ரி எல்லாம் அதில் அடங்கும். நம் செடி அந்தக் குடும்பத்தில் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதைச் சூற்பை சொல்லும். கொய்யாப் பழத்தையும் கத்தரிக்காயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தரிக்காயில் பச்சைப் புல்லிதழ்கள் காம்புப் பக்கம் இருக்கும். கொய்யாவில் அவை மறுமுனையில், பழத்தின் தலையில், காய்ந்து ஒட்டியிருக்கும். கத்தரியில் சூற்பை புல்லிக்கு மேலே இருந்து காயானது. கொய்யாவில் புல்லிக்குக் கீழே இருந்து கனியானது. இப்போது புணேக் கடைகளில் சிறு டப்பாக்களில் விற்கும் புளூபெர்ரியை எடுத்துப் பாருங்கள். அதன் தலையிலும் ஐந்து முனைகொண்ட வளையம் இருக்கும். நம் செடியின் கனியிலும் அப்படியே. ஆகவே இது புளூபெர்ரியின் கிளையான வாக்சினியே பிரிவைச் சேர்ந்தது.

இதே சோதனை ரோடோடென்ட்ரானை விலக்கிவிடும். மரத்தின்மேல் வளரும் ரோடோடென்ட்ரான்களும் இமயத்தில் உண்டு. ஜோசப் ஹூக்கர் 1848-இல் சிக்கிம், டார்ஜிலிங் மலைகளில் பயணம் செய்தபோது, உயர்ந்த மரங்களின் மேல் பெரிய வெண்பூக்களோடு தொற்றி வளர்ந்த ஓர் இனத்தைக் கண்டார். டல்ஹவுசி சீமாட்டியின் பெயரால் அது ரோடோடென்ட்ரான் டல்ஹவுசியே என்று அழைக்கப்படுகிறது. அதன் சூற்பை மேலே இருக்கும், காய் உலர்ந்து வெடிக்கும், சதைக்கனி கிடையாது. குடும்பம் ஒன்றுதான், கிளை வேறு.

இத்தனை தூரம் வந்தபிறகும் ஒரு பெரிய கேள்வி மிச்சமிருக்கிறது. செடி இமயத்தைச் சேர்ந்ததா, ஆண்டீஸைச் சேர்ந்ததா? மேதைகளையே திகைக்க வைத்த கேள்வி இது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், வடகிழக்கு மலைகளிலிருந்து வந்த இத்தகைய செடி ஒன்றை ‘செரட்டோஸ்டெமா’ என்ற பேரினத்தில் வைத்தார். அவருக்குப் பின் அதே தோட்டத்துக்கு வந்த நத்தானியல் வாலிச் வேறொன்றை ‘திபாடியா’ என்ற பேரினத்தில் வைத்தார். இரண்டுமே தென் அமெரிக்கச் செடிகளுக்காக ஏற்படுத்தப்பட்ட பேரினங்கள். அவர்கள் கவனக்குறைவால் அப்படிச் செய்யவில்லை. கண்முன் இருந்த பூக்கள் அந்த அளவுக்கு ஒத்திருந்தன. பிறகு 1834-இல் இந்த ஆசியச் செடிகளுக்கென்று ‘அகபெட்டிஸ்’ என்ற தனிப் பேரினம் அச்சில் வந்தது. ராக்ஸ்பர்க்கின் செடியும் வாலிச்சின் செடியும் இன்று அதில்தான் இருக்கின்றன.

பெருங்கடலுக்கு இரு கரையிலும் உள்ள செடிகளுக்கு ஏன் ஒரே மாதிரிப் பூ? காரணம் பறவை. ஆண்டீஸில் ஓசனிச்சிட்டு என்று பறவை ஆர்வலர்கள் சொல்லும் ஹம்மிங் பறவை காற்றில் நின்றபடி தேன் குடிக்கிறது. ஆசியாவில் அது கிடையாது. இங்கே தேன்சிட்டுகள் கிளையில் அமர்ந்து தேன் குடிக்கின்றன. இரண்டுக்கும் நீண்ட அலகு. இரண்டும் சிவப்பைத் தேடி வரும். பறவையை அழைக்கும் தொழிலே இரு கண்டத்துச் செடிகளின் பூவையும் நீளமாக்கி, சிவப்பாக்கி, உள்ளே தேனை நிரப்பி வைத்தது. 2002-இல் கேத்லீன் கிரான், எமிலி பவல், ஜேம்ஸ் லூட்டைன் ஆகியோர் இந்தப் பிரிவின் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், ஆண்டீஸ் செடிகள் தமக்குள் ஒரு குழுவாகவும், அகபெட்டிஸ் செடிகள் ஆசிய வாக்சினியங்களோடும் சேர்ந்து நின்றன. பூவின் முகத்தைத் தீட்டியது தொழில். செடியின் குலத்தைச் சொல்வது பிறப்பு. முகத்தை மட்டும் பார்த்துக் குலத்தைச் சொல்வது எளிதல்ல என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செடி கையில் இருக்கும்போது உதவும் சில அடையாளங்கள் உண்டு. ஆண்டீஸின் மக்லீனியா, சாமிசியா, கேவண்டிஷியா ஆகியவற்றில் பெரும்பாலும் இலையின் அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் கிளம்பி நுனியை நோக்கி ஓடும். கேவண்டிஷியாவில் பூங்கொத்தை வண்ணப் பூவடிச்செதில்கள் மூடியிருக்கும். அகபெட்டிஸில் பெரும்பாலும் நடுநரம்பிலிருந்து பக்கநரம்புகள் பிரியும். நம் கேள்விச் செடியில் ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள சிறிய இலைகள் கொம்பின் இரு பக்கமும் நெருக்கமாக வரிசை கட்டியிருக்கின்றன. இளங்கொம்பில் விறைத்த மயிர்கள் இருக்கின்றன. பூ ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம். சிவப்புக் குழலின்மேல் அம்புமுனை வடிவில் அடர்ந்த கோடுகள். புல்லிக்குழல் ஐந்து சிறகுகளாக விரிந்திருக்கிறது. இத்தனையும் சேர்ந்தால் அகபெட்டிஸ் செர்பென்ஸ் என்று சொல்லலாம். நேபாளம், சிக்கிம், பூட்டான், அருணாசலம் எனக் கிழக்கு இமயத்தின் ஈரமான காடுகளில், மரத்தின்மேலும் பாறையின்மேலும் வளரும் செடி இது.

இந்த இமயச் செடிக்கு முதலில் அறிவியல் பெயர் கொடுத்தவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் இந்தியாவுக்கு வந்தார். 1840-களில் கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடிச் சோதனைகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக 2,100-க்கும் மேற்பட்ட தாவரப் படங்களை அவர் வெளியிட்டார். அவருக்காகப் படம் வரைந்தவர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள் முதன்மையானவர்கள். சூற்பையின் வெட்டுத்தோற்றம், மகரந்தப்பையின் துளை என்று உட்பகுதிகளைப் பிரித்து வரைந்த கைகள் அவை. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். பின்னால் அந்தப் பேரினம் வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டாலும், ஓர் ஓவியரின் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை ஏட்டில் நிற்கிறது.

வைட் 1847-இல் நம் செடிக்கு வாக்சினியம் செர்பென்ஸ் என்று பெயரிட்டார். 1851-இல் ஜெர்மனியின் குளோட்ஷ், சிறகுள்ள புல்லியைக் காரணமாக வைத்து அதைப் பென்டாப்டெரிஜியம் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார். 1939-இல் ஹெர்மன் ஸ்லூமர் அதை அகபெட்டிஸுக்குக் கொண்டுவந்தார். ஒரே செடிக்கு மூன்று பெயர்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். எந்த உறுப்புக்கு எவ்வளவு எடை தருவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் தந்த விடை அது. உலர்மாதிரியும் படமும் பத்திரமாக இருந்ததால்தான் அந்த விவாதம் 90 ஆண்டுகளுக்கு மேல் தொடர முடிந்தது.

உள்ளே பார்த்து வகுப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், வைரம் வெளிப்புறத்தில் உள்ளதைப் புல் என்றும் உட்புறத்தில் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் அந்தக் கணக்கில் புல்தான். உயரத்தையும் தோற்றத்தையும் விட்டு, தண்டின் உட்கட்டை அளவுகோலாகக் கொண்ட பார்வை அது.

எரிகேசி குடும்பத்தின் உறவினர்கள் நம் மலைகளிலும் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் சோலை ஓரங்களில் சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசு ஒரு ரோடோடென்ட்ரான். வைட் பெயரிட்ட வாக்சினியம் நீல்கெரன்ஸ் நீலகிரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. கால்தீரியா இலையைக் கசக்கினால் வலித்தைல வாசனை வரும். விண்டர்கிரீன் எண்ணெய் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது இவற்றைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். குடும்பச் சாயல் கண்ணில் பதிந்துவிட்டால் புதியதைப் பார்க்கும்போது கை தானே சரியான இடத்தைத் தேடும்.

அடுத்தது, ஊர் ஏன் முக்கியம் என்பது. புணேக்கு மேற்கே சஹ்யாத்ரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கிற மழை, பிறகு ஏறக்குறைய எட்டு மாதம் வருவதில்லை. மரத்தின்மேல் வாழும் செடிக்கு அது கடும் சோதனை. டென்ட்ரோபியம் பார்பாட்டுலம் என்ற நம் மலை ஆர்க்கிட், இலையை உதிர்த்துவிட்டுத் தண்டில் நீரைச் சேமித்து, வறண்ட மாதத்தில் வெறுந்தண்டில் பூக்கிறது. அகபெட்டிஸ் இலையை உதிர்ப்பதில்லை. பனிமூட்டமும் பாசியின் ஈரமும் அதற்கு ஆண்டு முழுவதும் வேண்டும். பருத்த அடித்தண்டு இடையிடையே வரும் வறட்சியைத் தாங்கத்தான் உதவும். எட்டு மாத வறட்சியைத் தாங்காது. எரிகேசி செடிகளின் மெல்லிய வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருந்து, சத்துக் குறைந்த அமில மக்கிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருகிறது. சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிக் கரிசல் மண்ணில் நட்டால், இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகிவிடும். எந்த மலைச் செடி என்று தெரிந்தவர் மழைநீரும் நிழலும் பாசியும் தேடித் தருவார். தெரியாதவர் கையில், ஏப்ரல் வெயிலில் செடி போய்விடும்.

புணேவாசிகளான நமக்குச் செடியின் பெயரைக் கண்டறியும் வேலையில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1890-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு 1950-களின் தொடக்கத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாளிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னையில் படித்து, சென்னைக் கல்லூரியிலேயே பாடம் சொன்னவர் அவர். இங்கிலாந்தில் பணியாற்றியபோது ரோடோடென்ட்ரான்களின் குரோமோசோம்களை எண்ணி 1950-இல் வெளியிட்டவர். இதே எரிகேசி குடும்பத்தை உயிரணுவுக்குள் போய்ப் படித்தவர் என்று சொல்லலாம். அந்தச் சீரமைப்புக் காலத்தில்தான் புணே, கோயம்புத்தூர், ஷில்லாங், டேராடூன் ஆகிய ஊர்களில் ஆய்வகத்தின் மண்டல மையங்கள் தோன்றின. புணே மையத்திலும், தாவரவியலாளர் சங்கர் புருஷோத்தம் அகர்கரின் பெயர் தாங்கிய அகர்கர் ஆய்வு நிறுவனத்திலும் உலர்தாவரத் தொகுப்புகள் இருக்கின்றன.

செடியைக் காட்டிப் பெயர் கேட்கப் போகும்போது வெறும் படத்தோடு போகாதீர்கள். உங்கள் தொட்டிச் செடியிலிருந்தே பூவும் இலையும் உள்ள ஒரு கொம்பை வெட்டிச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, மேலே கனம் ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துங்கள். இரண்டு பூக்களைத் தனியே சாராயக் கரைசலில் போட்டு வையுங்கள். உலர்ந்த பூவில் உட்பகுதி நசுங்கிவிடும். பூ வாடினால் நிறம் போய்விடும் என்பதால் நிறத்தை அப்போதே எழுதுங்கள். யாரிடம் வாங்கினீர்கள், அவருக்கு எந்த மாவட்டத்திலிருந்து வந்தது, எவ்வளவு உயரத்து மலை, எந்த மரத்தின்மேல் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். காட்டில் பார்த்தால் அனுமதியில்லாமல் ஒரு கொம்பையும் ஒடிக்காதீர்கள். படத்தையும் குறிப்பையும் மட்டும் எடுத்துவாருங்கள். எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாத காட்டுச் செடியை வாங்காதீர்கள். அது காட்டிலிருந்து பிடுங்கப்பட்டதாகவும் இருக்கலாம். மரத்தின்மேல் மெல்ல வளர்ந்து அடிபருத்த செடி ஒன்றைப் பிடுங்கிவிட்டால், அந்த இடத்தில் இன்னொன்று அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

நம் நாட்டில் அகபெட்டிஸ் இனங்கள் மிகுதியாக உள்ள அருணாசலக் காடுகளில் சாலைகளும் அணைகளும் எழுகின்றன. எந்த இனம் எந்த மலையில் இருக்கிறது என்ற குறிப்பு இல்லாவிட்டால், எதைக் காக்க வேண்டும் என்று கேட்கவே நம்மிடம் ஆதாரம் இருக்காது. பெயரில்லாத செடிக்காக எந்த மனுவையும் எழுத முடியாது. புணேயில் ஒரு மாடியில் வளரும் ஒற்றைச் செடிக்குச் சரியான பெயரையும் ஊரையும் எழுதிவைப்பது, அந்தக் காட்டுக்கு நாம் இங்கிருந்தே செய்யக்கூடிய உதவி. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் செடிகளில் ஒன்றை எடுத்து அதற்கு முறையான பெயர்ச்சீட்டு எழுதுங்கள். விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து, அது எந்த மலைச் செடி என்று கேளுங்கள். விடை கிடைத்தால் அதையும் அந்தச் சீட்டில் சேர்த்து எழுதுங்கள்.